ஒரு சாண் ஓரம்

பங்குனி மாதம் முழுக்க எங்கள் வேப்பமரத்தின் கீழே ஒரு சேலை விரிந்து கிடக்கும். அம்மாவின் பழைய வெள்ளை வாயில் சேலை, மெல்லிய பருத்தி, பச்சைக் கரை போட்டது. இரவு படுக்கப் போகும் முன் அதை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலைக்கும் கல் வைப்பேன். விடிய எழும்பிப் போனால் சேலை நிறையப் பூ. இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் அவ்வளவும் நடுவில் வந்து குவியும். மண் ஒட்டாது. சுளகில் போட்டுப் புடைத்து, காம்பும் சருகும் நீக்கி, நிழலில் ஒரு நாள், வெயிலில் இரண்டு நாள் காயவிட்டுப் போத்தலில் அடைத்தால், ஒரு வருடத்து ரசத்துக்கும் வடகத்துக்கும் போதும்.

போன வாரம் ஒரு நாள் அப்படிப் பூவைக் குவித்துக்கொண்டிருந்தபோது மகள் நுவரெலியாவில் இருந்து அழைத்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். அடுத்த மாதம் பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வரப்போகிறாள்.

"அம்மா, இங்க வசந்தகாலம் தொடங்கப் போகுது. பார்க் முழுக்கப் பூ. அங்க எப்பிடி?" என்றாள்.

இந்த நாட்டில் வசந்தகாலம் என்று பெயர் சொல்லிக் கொண்டாடுகிற ஊர் நுவரெலியாதான். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிற இடம். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஏப்ரல் வந்தால் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊர் நிறைந்துவிடும். கடல் மட்டத்தில், உப்புக் காற்றுக்குள் இருக்கிற எங்களுக்கு எது வசந்தம்? பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்தப் பின்பனிப் பங்குனியில் திருகோணமலையில் காலை ஒன்பது மணிக்கே வெறுங்காலோடு முற்றத்தில் நிற்க முடியாது.

ஆனால் எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை தை மாதத்தோடு ஓய்ந்துவிடும். வைகாசியில் கச்சான் காற்றுக் கிளம்பினால் புரட்டாசி வரைக்கும் நிலத்தை வறுத்தெடுக்கும். இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி ஒன்று உண்டு. கிணற்றில் தண்ணீர் இன்னும் மேலே நிற்கும். சில பின்னேரங்களில் இடி முழங்கி அரை மணித்தியாலம் ஒரு மழை விழும். வேம்பு பூக்கும், மாமரத்தில் பிஞ்சு தொங்கும், மல்லிகை மொட்டுத் தள்ளும். கச்சானுக்கு முன் ஒரு கன்றை வேர்பிடிக்க வைப்பதென்றால் இந்த நாட்களுக்குள்தான் வைக்கவேண்டும். "இதுதான் எங்கட வசந்தம்" என்று மகளுக்குச் சொன்னேன்.

அன்று முழுக்க நான் படலையைத் தாண்டி வெளியே போகவில்லை. வெயில் ஏறும் வரை தோட்டம், அப்புறம் தையல், வெயில் சரிந்ததும் மறுபடி தோட்டம்.

தோட்டம் என்று நான் சொல்வது கிணற்றடிக்கும் பின்வேலிக்கும் இடையில் இருக்கிற ஒரு துண்டு நிலம். கடற்கரையில் இருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே இருப்பதால் மண் முக்கால்வாசி மணல். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் நாம் வாளியைக் கீழே வைப்பதற்குள் அது காணாமல் போய்விடும். நான் இதைத் தொடங்கியது 2022இல். அந்த வருடத்தை இலங்கையில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். பங்குனி மாதத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. காஸ் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. முந்திய வருடத்து இரசாயனப் பசளைத் தடையில் வயல்கள் விளைச்சல் இழந்திருந்தன. மரக்கறிக் கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். நான் அப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை. வெள்ளிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு இந்த மணலில் வந்து நின்றேன். ஜூன் என்றால் கச்சான் உச்சத்தில் இருக்கிற மாதம். 25 மிளகாய்க் கன்று நட்டேன். மூன்று பிழைத்தது. மிச்சம் எல்லாம் நட்ட நாலாம் நாளே கருகிச் சுருண்டுவிட்டன. பங்குனிக் கணக்கை நான் படித்தது அந்த 22 கன்றிடம்.

மணலில் ஈரம் நிற்கப் பொச்சுமட்டை, அதாவது தேங்காயின் நார்மட்டை, வைக்கிற விஷயத்தைச் சொல்லித் தந்தவர் பின்வீட்டு ஐயா. தம்பலகாமத்தில் வயல் செய்தவர். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னார். அடியில் பொச்சுமட்டையை நெருக்கமாக அடுக்கி, அதற்கு மேல் மாட்டெரு, அதற்கு மேல் சருகு கலந்த மண். பொச்சு தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் தேவையானபோது எடுத்துக்கொள்ளும். கன்று நட்டபிறகு அதைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை பரப்ப வேண்டும். "மண்ணை வெறும்மேலோட விடாதை, பிள்ளை" என்றார். வெயிலுக்குள் நிற்கிற சிறுபிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அதைச் சொன்னார். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

அன்று காலை வேலை அதுதான். இரண்டு கத்தரிப் பாத்தி, ஒரு வெண்டிப் பாத்தி, மூன்றுக்கும் சருகு பரப்பினேன். வேப்பஞ்சருகு என்றால் எனக்கு விருப்பம். சின்ன இலை என்பதால் இடைவெளி விடாமல் படியும். கன்றின் தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடவேண்டும், இல்லாவிட்டால் ஈரத்துக்குத் தண்டு அழுகும். முருங்கையில் முற்றிய காய்களைத் தடியால் இழுத்துப் பறித்தேன். அதுவும் பழைய மரம் இல்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரை கடந்தபோது பழைய முருங்கை அடியோடு விழுந்துவிட்டது. விழுந்த மரத்தில் இருந்து கை நீளத்துக்கு ஒரு தடியை வெட்டி நட்டோம். அந்தத் தடி இப்போது கூரைக்கு மேல் நிற்கிறது.

பின்வேலியில் ஓர் இடத்தில் சேலை அவிழ்ந்து கிடந்தது. மறுபடி இழுத்துக் கட்டினேன். வேலியில் எதற்குச் சேலை என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் திரிகிற புள்ளிமான்கள் எங்கள் ஒழுங்கைகளுக்கும் வரும். விடியற்காலையில் தலையை நிமிர்த்திக்கொண்டு அவை நடந்து போகிற அழகை இந்த ஊரில் பிறந்தவளாக எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் பயிற்றங்கொடியின் குருத்து அவற்றுக்குத் தேன் மாதிரி. ஒரே இரவில் ஒரு பந்தலை மொட்டையாக்கிவிடும். வயல்காரர் பன்றிக்குச் செய்வதுபோல வேலி நீளத்துக்குப் பழைய சேலைகளைக் கட்டினேன். காற்றுக்கு அவை அசைவதைக் கண்டு மான் விலகிப் போகிறது. அதற்கு நைலெக்ஸ் சேலைதான் நல்லது. மழைக்கும் வெயிலுக்கும் உக்காது, சாயமும் போகாது. பருத்திச் சேலையை வேலியில் கட்டுவது எனக்குப் பொறுக்காது. பருத்திக்கு வேறு வேலை இருக்கிறது.

எட்டரை மணிக்கெல்லாம் கையைக் காலைக் கழுவிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டேன்.

நான் தைப்பதற்குத் தமிழில் எல்லோரும் சொல்லும் ஒரு பெயர் இல்லை. சிலர் பட்ச் வேர்க் என்பார்கள், சிலர் குயில்ட் என்பார்கள். நான் ஒட்டுப்போர்வை என்று சொல்லிப் பழகிவிட்டேன். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டிப் பொருத்தி மேல்துணி. அடியில் முழுத்துணி ஒன்று. நடுவில் கனத்துக்கு இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மூன்றும் ஒன்றாகும் வரைக்கும் எடுக்கிற நாட்கள் அதிகம்.

இதுவும் 2022இல் தொடங்கியதுதான். மின்சாரம் இல்லாத அந்தப் பகல்களில் அலுவலகத்திலும் வேலை நடக்காது, வீட்டில் விசிறியும் சுற்றாது. அம்மாவின் கால்மிதி மெசினுக்கு மின்சாரம் தேவையில்லை. கறுப்பு உடம்பில் தங்கநிறப் பூக்கொடி வரைந்த சிங்கர். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். இந்த மெசின் அதற்கு எத்தனையோ காலம் பிந்தியது, அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்தது. வார் மட்டும் இரண்டு தடவை மாற்றினோம். மற்றபடி ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஓடும். அந்த மாதங்களில் நான் தைத்த முதல் போர்வை இப்போதும் அம்மாவின் கட்டிலில் கிடக்கிறது.

இந்தமுறைப் போர்வையில் 120 சதுரம். ஒரு வரிசைக்கு 10, மொத்தம் 12 வரிசை. நாலரை அங்குலத்துக்கு மட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டுவேன். எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் மிச்சம் நான்கு அங்குலம். ஆக 40 அங்குல அகலம், 48 அங்குல நீளம். ஒரு சின்னப் பிள்ளையைச் சுற்றி எடுத்தாலும் காலடியில் மடித்துவிட மிச்சம் இருக்கும். துணியின் இழை போகும் பக்கத்துக்கு நேராக வெட்டவேண்டும். மூலைவாட்டில் வெட்டினால் துணி இழுபட்டு, பத்தாவது சதுரம் வரும்போது வரிசை வளைந்து நிற்கும். ஒவ்வொரு தையலையும் அப்பப்போ இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிவிட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவர்களின் போர்வையைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

துணிகள் மூன்று இடத்தில் இருந்து வந்தவை. ஒன்று அம்மாவின் சேலைகள். இரண்டாவது வருடப்பிறப்பு உடுப்புகள். சித்திரைப் புத்தாண்டுக்கு இன்ன நிறத்தில், இன்ன நிறக் கரை வைத்த துணி உடுத்தவேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் அது மாறும். எங்கள் வீட்டில் அப்பா அதை விடாமல் பார்ப்பார். மருத்துநீர் வைத்து முழுகி வந்தவுடன் அந்த நிறத்தில் பட்டு இல்லாவிட்டாலும் ஒரு பருத்திச் சட்டையாவது இருக்கவேண்டும் அவருக்கு. அதனால் எங்கள் அலுமாரியில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று வருடங்கள் அடுக்கிக் கிடந்தன. வெட்டிய சதுரங்களைப் பாயில் பரப்பியதும் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இந்த மஞ்சள் நீ வேலைக்குச் சேர்ந்த வருசம்." "இந்த நீலம் பிள்ளை கம்பசுக்கு எடுபட்ட வருசம்." அம்மாவுக்கு 79 வயது. நேற்றுக் காலை என்ன சாப்பிட்டார் என்பது சிலவேளை மறந்துவிடும். துணி மறப்பதில்லை.

மூன்றாவது, பக்கத்து வீட்டு ராத்தா தந்த பை. ராத்தா தையல்காரி. நோன்பு மாதத்தில் பெருநாள் உடுப்புத் தைத்து அவருடைய மெசின் விடியமுன் சஹர் நேரம் வரை ஓடும். பெருநாள் முடிந்த கையோடு வேலிக்கு மேலால் ஒரு பெரிய பையை நீட்டினார். "தங்கச்சி, இதெல்லாம் குப்பைக்குப் போற துண்டு. உங்களுக்கு உதவுமா பாருங்க." உள்ளே எங்கள் ஒழுங்கையில் பெருநாளுக்கு நடந்த அத்தனை பிள்ளைகளின் உடுப்பும் துண்டு துண்டாக இருந்தது. சாரன் துண்டுகளும் இருந்தன, கட்டம்போட்ட நல்ல கனமான பருத்தி.

பையில் இருந்த எல்லாவற்றையும் போர்வைக்கு எடுக்க முடியாது. பருத்தியோடு நைலோனைச் சேர்த்துத் தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. முதல் சலவையிலேயே போர்வை கொப்பளம் கொப்பளமாக எழும்பும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி விளக்கில் பிடித்துப் பார்க்கலாம். பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். மற்றது உருகி, ஆறியதும் கறுப்பு மணிபோல இறுகும். ராத்தாதான் இதையும் காட்டித் தந்தார். பாதித் துண்டுகள் அப்படிக் கழிந்துபோயின.

கையில் எடுத்த துணி எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் தோய்த்துவிட வேண்டும். இந்தமுறை ஒரு சிவப்புத் துணியில் அதை விட்டுவிட்டேன். வாங்கும்போது கடையில் சாயம் போகாது என்று சொன்னதை நம்பினேன். வெள்ளைச் சதுரங்களோடு சேர்த்து ஊறப்போட்ட தண்ணீர் பத்து நிமிடத்தில் குங்குமம் கரைத்ததுபோல ஆகிவிட்டது. அழுகை வந்தது. ராத்தா வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே, "காயவிடாதீங்க, காய்ஞ்சா போகாது, இப்பவே சுடுதண்ணியில சவுக்காரம் போட்டு அலசுங்க" என்று கத்தினார். மூன்று தடவை அலசியதில் பெரும்பாலானவை வெளுத்துவிட்டன. ஆறு சதுரம் இளஞ்சிவப்பாகவே நின்றது. அந்த ஆறையும் நடுவரிசையில் தைத்திருக்கிறேன். இப்போது பார்த்தால் போர்வையில் என் கண் முதலில் போவது அங்கேதான்.

பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதை வங்காளத்தில் காந்தா என்கிறார்கள். முன்பெல்லாம் தைக்கிற நிற நூலைக்கூடக் கடையில் வாங்காமல், பழைய சேலையின் கரையில் இருந்து உருவி எடுப்பார்களாம். எங்கள் கந்தை என்ற சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே வேர். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சின்ன வயதில் படித்தபோது கந்தை என்றால் இல்லாமையின் பெயர் என்றுதான் நினைத்தேன். அதே சொல்லை வைத்துக்கொண்டு இன்னோர் ஊரில் பெண்கள் பறவையும் தாமரையும் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மனம் நிறைந்தது. அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவுக்குள் ஜீஸ் பென்ட் என்று ஒரு சின்ன ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்தது. 2002இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின. 2006இல் அந்நாட்டு முத்திரைகளிலும் வந்தன. அவற்றின் படங்களைப் பார்த்த பிறகு நான் அளவுகோல் பிடித்ததுபோல நிறங்களை ஒழுங்குபடுத்துவதை நிறுத்திவிட்டேன். அவர்களுடைய கோடுகள் கொஞ்சம் சாய்ந்து போகும், ஒரு நிறம் எதிர்பாராத இடத்தில் வெட்டிக்கொண்டு வரும். அதில் ஓர் உயிர் இருக்கிறது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தமானது. புத்த பிக்குகளின் துவராடை ஒரே துணியாக இருக்காது, துண்டுகளை ஒட்டித் தைத்ததாக இருக்கும். மகத நாட்டில் வரப்பு கட்டிய வயல்களைப் பார்த்த புத்தர், இந்த மாதிரியில் ஆடை செய்ய முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்டார் என்று வினய நூல் சொல்கிறது. கண்டிக்குப் போகிற பஸ்ஸில் தம்பலகாமம் தாண்டும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த நினைவு வரும். சிறுபோகத்துக்கு உழுத வயல், தண்ணீர் கட்டிய வயல், நாற்று முளைத்த வயல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். நடுவில் தையல்போல வரப்பு.

மதியத்துக்கு வேப்பம்பூ ரசமும் முருங்கைக்காய்க் கறியும். சாப்பிட்டுவிட்டு வெளியே பார்த்தால் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடந்தது. சித்திரை பிறக்கிற நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்துவிடும். அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, மனிதர் வெளியே நிற்பதும் கூடாது.

விறாந்தையின் சிமெந்துத் தரை மட்டும் குளிர்ந்து கிடந்தது. அதில்தான் மூன்று துணியையும் அடுக்கினேன். முதலில் அடித்துணியைப் புரட்டிப் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரங்களைத் தரையோடு டேப்பால் ஒட்டவேண்டும். அதற்கு மேல் நடுத்துணி. இதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். அம்மாவுக்கு இலவம்பஞ்சு வைக்கவேண்டும். "பங்குனியிலதானே காய் வெடிக்கும், புதுப் பஞ்சு வாங்கலாம். நுவரெலியாக் குளிருக்கு இந்தத் துணி என்னத்தைக் காணும்?" என்றார். இலவம்பஞ்சின் அருமையை நான் மறுக்கவில்லை. ஒவ்வோர் இழையும் உள்ளே குழாய்போல வெறுமையாக, காற்று நிறைந்து இருக்கும். தண்ணீர் பிடிக்காமல் மிதப்பதால் முன்பு கப்பல்காரரின் உயிர்காப்புச் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். தலையணைக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் தோய்த்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். சின்னப் பிள்ளையின் துணி தினமும் தோய்க்கிற துணி. கடைசியில் பழைய பிளனல் விரிப்பு ஒன்றும், வாயில் சேலை இரண்டு மடிப்பும் என்று முடிவானது. சூடு என்பது மடிப்புகளுக்கு நடுவில் அகப்படுகிற காற்றுத்தானே.

மேல்துணியையும் போட்டு, நடுவில் இருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவிக்கொண்டே ஊசி குத்திக்கொண்டு போனேன். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் காற்று மாட்டிக் குமிழ் நிற்கும். தையலும் அப்படியே, நடுவில் தொடங்கி வெளியே வரவேண்டும். நீள ஊசியைவிடச் சின்ன ஊசிதான் இதற்குச் சரி. ஒரு தடவைக்கு மூன்று நான்கு தையலை ஊசியில் கோர்த்து இழுத்தால் கை ஓடும். முடிச்சை மேலே விடாமல் மெல்லச் சுண்டி இழுத்து நடுத்துணிக்குள் மறைத்துவிடலாம்.

அம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோர்க்க அவருக்கு இப்போது கண் தெரியாது. நான் பத்து ஊசியில் கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்தேன். ஒன்று முடிய மற்றதை எடுத்தார். அவருடைய தையல் என்னுடையதைவிடச் சின்னது, ஒரே அளவு. கண் பார்க்கவில்லை, விரல்தான் அளந்தது. இரண்டு மணித்தியாலம் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு தடவை மட்டும், "பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது. பழந்துணிதான் முதல். நீயும் என்ர சேலைக்குள்ளதான் கிடந்தனி" என்றார். எனக்கு ஏணை கட்டியதும் வாயில் சேலையில்தான் என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

நான்கு மணிக்கு ஓரம் தைப்பது மட்டும் மிச்சம். சுற்றிவரப் பட்டி வைத்துத் தைக்க 180 அங்குலத்துக்கு மேல் ஒரே நிறத்துணி வேண்டும். வைத்திருந்த நீலம் போதவில்லை. கடைக்குப் போகலாமா என்று யோசித்தபோது அம்மா முற்றத்தைக் காட்டினார். கல்லுக்கடியில் கிடந்த வெள்ளைச் சேலை. "அந்தக் கரையை எடு."

எடுத்து விரித்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு நைந்துபோயிருந்தது. கரை மட்டும் அப்படியே இருந்தது. எந்தச் சேலையிலும் கடைசியாக நைவது கரைதான். இழை நெருக்கம், நிறம் உறைந்து நிற்கும். கத்திரிக்கோலை எடுத்து ஒரு பக்கத்துப் பச்சைக் கரையை நீளத்துக்கும் வெட்டினேன். அதற்குள் ஒட்டியிருந்த இரண்டு மூன்று வேப்பம்பூ பாயில் உதிர்ந்தது. தோய்த்து, கொடியில் போட்டால், அந்த வெயிலுக்குக் கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது.

தைக்க உட்கார்ந்தபோதுதான் அம்மா கேட்டார். "இண்டைக்கு முடிச்சிடுவியோ?"

"ஓம், பொழுதுபட முதல் முடிஞ்சிடும்."

"முடிக்கக்கூடாது." குரலில் ஓர் அவசரம் இருந்தது. "பிறக்க முதல் பிள்ளைக்கெண்டு ஒண்டையும் முடிச்சு வைக்கக்கூடாது."

இந்த மாதிரி விஷயங்களில் நான் அம்மாவோடு வாதாடியது உண்டு. அன்றைக்கு வாதாடத் தோன்றவில்லை. எனக்கு முன் ஒரு பிள்ளை அம்மாவுக்குப் பிறந்து தங்கவில்லை. அதற்கென்று தைத்து முடித்த சட்டைகள் பல வருடம் பெட்டிக்குள் இருந்தன என்று மாமி ஒருதரம் சொல்லியிருந்தார். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

சரி என்றேன். மூன்று பக்கமும் தைத்து, நாலாவது பக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது அம்மா கையை நீட்டி நிறுத்தினார். பெருவிரலையும் சின்னிவிரலையும் விரித்து ஓரத்தில் வைத்து ஒரு சாண் அளந்தார். "இவ்வளவும் கிடக்கட்டும்." ஊசியைத் துணியிலேயே குத்தி, மிச்ச நூலை அதில் எட்டுப்போலச் சுற்றி, போர்வையை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

வெயில் சரிந்திருந்தது. காலையில் சருகு பரப்பிய பாத்திகளில் கையை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்த இலை, கீழே மண் இன்னும் ஈரமாகக் குளிர்ந்து இருந்தது. அதனால் கத்தரிக்குத் தண்ணீர் பாதி வாளி போதுமாக இருந்தது. வெட்டிக் கழித்த பருத்தித் துணுக்குகளையும் நூல்களையும் ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தேன். அதையும் வெண்டிப் பாத்திச் சருகுக்கு அடியில் போட்டேன். மாரிக்குள் உக்கி மண்ணாகிவிடும்.

இருட்டும் நேரத்தில் புடலம்பந்தலுக்குக் கீழே நின்றால் பூ விரிவதைப் பார்க்கலாம். பகலெல்லாம் மூடிக்கிடக்கும் மொட்டு, வெளிச்சம் போனதும் மெல்லத் திறக்கும். ஐந்து வெள்ளை இதழ். ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் நூல் நூலாகச் சுருள். லேஸ் பின்னியதுபோல என்று சொல்வார்கள். லேஸ் பின்னியவர்கள் இதைப் பார்த்துத்தான் பின்னினார்களோ என்று எனக்குத் தோன்றும். அந்துப்பூச்சிகள் வந்துவிட்டன. பிஞ்சு பிடித்த இரண்டு காய்க்கு நூலில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டேன், வளையாமல் நீளட்டும் என்று.

அம்மா படுக்கப் போனபிறகு சேலையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன். ஒரு பக்கம் கரை இல்லாமல் அது கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். நிமிர்வதற்குள் நாலைந்து பூ விழுந்துவிட்டது.